பழனி அடிவாரக் கரும்பு எத்தனாலுக்கு நிலைத்தன்மைச் சான்றிதழ்: வயல் முதல் டேங்கர் வரை

எத்தனால் காட்டை அழிக்காமல், ஆட்களைச் சுரண்டாமல், குறைந்த உமிழ்வில் வந்தது என்று காட்டுவதே நிலைத்தன்மைச் சான்றிதழ். அதற்கு விண்ணப்பிக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: சரக்கை வாங்கப் போவது யார்? இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்பவர்களே அதிகம். தணிக்கைக் கட்டணம் கட்டி, ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கி முடித்த பிறகு, "எங்களுக்கு இந்தச் சான்று செல்லாது" என்று வாங்குபவர் சொன்னால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

இந்தக் குறிப்பு பழனி மலையின் வடக்கு அடிவாரத்துக்கானது. நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம், ஆயக்குடி, மேற்கே மடத்துக்குளம் வரையிலான கரும்பு விவசாயக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், ஆலைகளின் கரும்புப் பிரிவு அலுவலர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளின் வாய்க்கால் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும் கலந்த பகுதி இது. கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பைப் பதிவு செய்து பழகிய பகுதி. ஆலை தரும் வெட்டு உத்தரவு தாமதமானால் வெல்ல ஆலைக்கு வண்டியைத் திருப்பிவிடும் பகுதியும் கூட. இவை மூன்றுமே சான்றிதழ்க் கணக்கில் குறுக்கே வரும்.

முதலில் சந்தை

எரிபொருளுக்கான எத்தனாலை இந்தியாவிலிருந்து நினைத்தபடி கப்பலேற்ற முடியாது. அது மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது, உரிமம் வேண்டும். 2025 செப்டம்பரில் இரண்டாம் தலைமுறை எத்தனாலுக்கு, அதாவது கரும்புச் சக்கை போன்ற நார்ப்பொருளில் இருந்து எடுப்பதற்கு, மூலப்பொருள் சான்றும் ஏற்றுமதி அனுமதியும் இருந்தால் அனுப்பலாம் என்று வழி திறந்தது. சாறு, பி-ஹெவி (சர்க்கரை இன்னும் மிஞ்சிய பாகு), சி-ஹெவி (சர்க்கரையை எடுத்து முடித்த பாகு) கழிவுப்பாகு எத்தனாலுக்கு முதல் வாடிக்கையாளர் இன்றும் நம் எண்ணெய் நிறுவனங்கள்தான். 2024-25 எத்தனால் ஆண்டில் அவர்கள் கொடுத்த விலை லிட்டருக்குச் சாற்றுக்கு 65.61 ரூபாய், பி-ஹெவிக்கு 60.73, சி-ஹெவிக்கு 57.97. அவர்கள் நிலைத்தன்மைச் சான்று கேட்டு கூடுதல் விலை கொடுப்பதில்லை. கழிவுப்பாகாகவே வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றால், 2024 ஜனவரி 18 அன்று அதற்கு 50 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது; இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு எதற்குச் சான்றிதழ்? மூன்று இடத்தில் பயன் உண்டு. கரும்புக்கான பன்னாட்டுத் திட்டமான போன்சுக்ரோவின் சான்று உள்ள சர்க்கரையைப் பெரிய குளிர்பான, மிட்டாய் நிறுவனங்கள் தேடி வாங்குகின்றன. அதே கரும்பின் எத்தனாலுக்கும் அந்தச் சான்று நீளும். அடுத்தது விமான எரிபொருள். பன்னாட்டு விமானங்களுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதக் கலப்பு என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. எத்தனாலை ஜெட் எரிபொருளாக மாற்றும் ஆலைக்கு உங்கள் சரக்கு போக வேண்டுமானால் வயலிலிருந்தே சான்று தேவை. மூன்றாவது, சக்கை எத்தனால் ஏற்றுமதி.

இந்த மூன்றில் எது உங்கள் வழி என்பதைப் பொறுத்துத் திட்டம் மாறும். போன்சுக்ரோ கரும்புக்கு மட்டுமே உரியது. ஓர் ஆலையும் அதற்குக் கரும்பு தரும் வயல்களும் சேர்ந்து ஒரே அலகு. சான்று 3 ஆண்டு, ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை. ஐரோப்பியச் சாலை எரிபொருளுக்கு அதோடு தனிச் சேர்க்கை எடுக்க வேண்டும். ஐ.எஸ்.சி.சி. என்ற பன்னாட்டுத் திட்டத்தின் ஐரோப்பிய எரிபொருள் வகையான ஐ.எஸ்.சி.சி. இ.யு. எந்த மூலப்பொருளுக்கும் பொருந்தும், செல்லுபடி ஓராண்டு. பன்னாட்டு விமானங்களின் கரியமில உமிழ்வை ஈடுசெய்யும் கோர்சியா திட்டத்துக்கு ஐ.எஸ்.சி.சி. கோர்சியா, அல்லது ஆர்.எஸ்.பி. என்ற இன்னொரு சான்று அமைப்பின் ஆர்.எஸ்.பி. கோர்சியா. ஐ.எஸ்.சி.சி. பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயர் பார்த்து அதுதான் உயர்ந்தது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது உணவு, தீவனம், பிளாஸ்டிக் சந்தைக்கானது. ஐரோப்பிய எரிபொருள் கணக்கில் அது செல்லாது.

இன்னொரு பொறி: ஐரோப்பாவின் விமான எரிபொருள் சட்டம் உணவு, தீவனப் பயிரிலிருந்து வரும் எரிபொருளைத் தன் கட்டாயக் கலப்பில் சேர்க்காது. கோர்சியா சேர்க்கும். சாற்று எத்தனாலை வைத்து ஐரோப்பிய விமானச் சந்தையைக் கணக்குப் போடுபவர்கள் இங்கே விழுகிறார்கள். சாலை எரிபொருளிலும் பயிர் எரிபொருளுக்கு உச்சவரம்பு உண்டு. சக்கை அந்த வரம்புக்குள் வராது. முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

1417-ஆம் பசலி அடங்கல்

எல்லாத் திட்டங்களிலும் ஒரே நாள்தான் கெடு: 2008 ஜனவரி 1. அந்த நாளில் காடாகவோ, சதுப்பாகவோ, பல்லுயிர் நிறைந்த புல்வெளியாகவோ இருந்த நிலத்தை அதன்பின் கரும்பாக்கி இருந்தால், அந்தக் கரும்பு எந்த வழியிலும் தேறாது. பிறகு மரம் நட்டுச் சரிசெய்யவும் முடியாது.

நம் வருவாய்க் கணக்கில் அந்த நாள் 1417-ஆம் பசலிக்குள் விழுகிறது, அதாவது 2007 ஜூலை முதல் 2008 ஜூன் வரை. ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டியது 1417-ஆம் பசலியின் அடங்கல், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டின் நகல். அதில் சர்வே எண்ணுக்கு நேராகக் கரும்போ நெல்லோ மக்காச்சோளமோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. தரிசு என்று இருந்தால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று பசலிகளையும் எடுங்கள். பயிர் செய்துவந்த நிலம் ஓராண்டு தரிசாகக் கிடந்ததும், காலங்காலமாகப் புல்லாகக் கிடந்ததும் தணிக்கையாளருக்கு வேறு வேறு. பழைய அடங்கல் கிடைக்காத கிராமங்களில், ஆலை அந்த ஆண்டு வைத்திருந்த கரும்புப் பதிவேட்டின் நகல் நல்ல மாற்றுச் சான்று.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் பழைய லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம். அரை ஏக்கர் நிலம் அதில் இரண்டு புள்ளிதான். வேலியோரத்து வேப்ப மரமும் தென்னையும் சேர்ந்து அந்த இரண்டு புள்ளியைக் காடாகக் காட்டிவிடும். படம் சந்தேகம் எழுப்பினால் அதைத் தீர்ப்பது அடங்கல்தான்.

ஆவணம் திரட்டும்போது நிலத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பட்டா நிலம் எளிது: பட்டா, புல வரைபடம், அடங்கல் போதும். கோயில் நிலம் அல்லது தனியார் நிலம் குத்தகை என்றால் நடப்பு ஆண்டுக்கான குத்தகைச் சீட்டு வேண்டும்; வாய்ப் பேச்சுக் குத்தகை செல்லாது, குறைந்தது உரிமையாளரின் கையெழுத்திட்ட ஒப்புதலாவது வேண்டும். காப்புக்காட்டை ஒட்டிய நிலத்துக்கு வன எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கத்து எல்லைகளைத் தணிக்கையாளர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். நான்காவது, மேய்க்கால் புறம்போக்கைத் தொட்டு விரிந்த வயல். ஒரு ஏக்கர் பட்டாவில் ஒன்றரை ஏக்கர் கரும்பு நின்றால் அந்த அரை ஏக்கர் சட்டப்படியும் தவறு, புல்வெளி விதிப்படியும் தவறு. அதை மறைத்து உள்ளே கொண்டுவருவதைவிட, அந்த விவசாயியை முதல் ஆண்டில் சேர்க்காமல் விடுவதே குழுவுக்கு நல்லது.

வரப்பைச் சுற்றி நடந்து கைப்பேசியில் எல்லைக்கோடு எடுக்க வேண்டும். ஒற்றைப் புள்ளி மட்டும் குறித்தால், மரத்தடியில் நின்று எடுத்தது பக்கத்து வயலில் போய் விழும்.

மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி வைத்திருப்பவர்கள் ஐரோப்பியக் காடழிப்புச் சட்டம் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, கீழே கரும்புக்காரர்களும் குழம்புகிறார்கள். அது காபி, கோகோ, ரப்பர், சோயா, பனை எண்ணெய், மாடு, மரம் ஆகிய ஏழுக்கு மட்டும். கெடு 2020 டிசம்பர் 31. கரும்பு அதில் இல்லை. மலையில் காபியும் அடிவாரத்தில் கரும்பும் வைத்திருக்கும் குடும்பம் இரண்டு கோப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

வயலில் பார்ப்பது

உரத்தை மூட்டைக் கணக்கில் எழுதுங்கள், பிறகு தழைச்சத்தாக (நைட்ரஜனாக) மாற்றுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 110 கிலோ தழைச்சத்து கொடுப்பவர் ஐந்தேகால் மூட்டைக்குச் சற்று அதிகமாகப் போடுகிறார். "வழக்கம்போல 7 மூட்டை" என்று எழுதினால் அது 145 கிலோ. கட்டைக்கரும்புக்கு (மறுதாம்புக்கு) இன்னும் கூட்டினால் பசுங்குடில் வாயு உமிழ்வுக் கணக்கு கையை மீறும். கடை ரசீதும் வயல் நோட்டும் ஒத்துப்போக வேண்டும். ஆதார் வைத்து விற்பனை இயந்திரத்தில் வாங்கும் மானிய உரத்துக்கு ரசீது எளிதில் கிடைக்கும், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாலே போதும்.

மருந்து அறையைத் தணிக்கைக்கு முன் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். வேர்ப்புழுவுக்கு வாங்கிய பழைய போரேட் குருணை மூலையில் கிடக்கும். போரேட் இந்தியாவில் 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. பயன்படுத்தவில்லை, சும்மா கிடக்கிறது என்பது பதிலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 1ஏ, 1பி நச்சுப் பட்டியலில் உள்ள மருந்துகளை ஐ.எஸ்.சி.சி. ஏற்பதில்லை; மோனோகுரோட்டோபாஸும் கார்போபியூரானும் 1பி-யில் வருகின்றன. களைக்கொல்லிக்குக் கணக்கு லிட்டரில் அல்ல, செயல்மூலத்தில், அதாவது மருந்தாக வேலை செய்யும் பொருளின் அளவில். டப்பாவில் எழுதியிருக்கும் சதவீதத்தால் பெருக்கி எழுதச் சொல்லுங்கள்.

சோகை (காய்ந்த கரும்புத் தோகை) எரிப்புதான் இந்தப் பகுதியில் அடிக்கடி சிக்கும் குற்றம். வெட்டிய பிறகு வயலில் கிடக்கும் சோகைக்கு யாரோ நெருப்பு வைப்பார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலையில் காட்டுத்தீ காலம் என்பதால் வனத்துறைப் புகாராகவும் மாறும். எரிந்த சோகையின் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கரும்பின் கணக்கில் ஏறும். மாற்று வழி வேலையைக் கூட்டாது: ஒரு வரி விட்டு ஒரு வரியில் சோகையைப் பரப்பி, அதன்மேல் யூரியாவும் ஆலையின் பிரஸ்மட்டும் (சாறு வடிகட்டிய கசடு) தூவி ஈரம் காட்டினால் மட்கும், களையும் குறையும், பாசனமும் குறையும். துகளாக்கும் கருவி இருந்தால் இன்னும் சீக்கிரம். புதுப்பயிர் வைக்க நிலம் காலி வேண்டும் என்பவர்தான் எரிக்கிறார். அவருக்குக் கட்டு கட்டும் இயந்திரத்தை ஏற்பாடு செய்துகொடுத்தால் அந்தச் சோகை கொதிகலனுக்குப் போகும்.

யானை, காட்டுப்பன்றி இறங்கும் அடிவார வயல்களில் வேலியைச் சரிபார்க்காமல் தணிக்கைக்குப் போகாதீர்கள். தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகள் 2023-இல் வந்தன. சூரிய மின்வேலி என்றாலும் பதிவு வேண்டும், மின்னூட்டி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாக இழுத்த கம்பி உயிரைப் பறிக்கும். அது ஒரே ஒரு வயலில் இருந்தாலும் குழுவின் சான்று தொங்கலில் நிற்கும். அதில் மென்மை காட்டுவது தவறு என்பதே எங்கள் நிலை.

வெட்டுக் கூலியும் முன்பணமும்

நிலப் பத்திரத்தைவிட அதிகமாகக் கேள்வி வருவது இங்கேதான். வெளி மாவட்டத்திலிருந்து வரும் வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி வழியாக முன்பணம் போகிறது. பருவம் முடிந்தும் கடன் தீராமல் அடுத்த பருவத்துக்கும் கட்டுப்பட்டிருந்தால், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கண்ணில் அது கொத்தடிமை. சான்றிதழ்த் திட்டங்களின் கண்ணில் கட்டாய உழைப்பு. திருத்திக்கொள்ளக் காலக்கெடு தரும் வகைக் குறையல்ல இது. சான்று அங்கேயே நிற்கும்.

செய்ய வேண்டியது: முன்பணத்தை மேஸ்திரி பெயரில் மொத்தமாக எழுதாமல் ஆள்வாரியாக எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய டன், கூலி, கழித்த முன்பணம், மீதி ஆகிய நான்கும் உள்ள சீட்டை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கணவன் மனைவி சோடியாக வெட்டினால் இரண்டு பேருக்கும் தனிச் சீட்டு. டன் கணக்குக் கூலியை உழைத்த மணி நேரத்தால் வகுத்தால் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. ஆகவே நேரமும் பதிவாக வேண்டும். வயலுக்கு வரும் குழந்தைகள் கத்தி எடுக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். அருகே உள்ள அங்கன்வாடியிலோ பள்ளியிலோ சேர்த்த கடிதத்தைக் காட்டுங்கள். கையுறை, கால் காப்பு, குடிநீர், முதலுதவிப் பெட்டி, பாம்புக்கடிக்கு எந்த அரசு மருத்துவமனைக்குப் போவது என்ற பலகை ஆகியவை எளிய காரியங்கள். இல்லாமல் போவது சோம்பலால்தான்.

எடைமேடையில் நடக்கும் தவறு

ஐ.எஸ்.சி.சி.யில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனிச் சான்று தேவையில்லை. அவர் ஆண்டுதோறும் சுய உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார். ஆலையோ குழு அலுவலகமோ முதல் சேகரிப்பு இடமாகச் சான்று வாங்குகிறது. தணிக்கைக்குப் போகும் வயல்களின் எண்ணிக்கை மொத்தத்தின் வர்க்கமூலம். 225 விவசாயிகள் என்றால் 15 பேர். ஆபத்து நடுத்தரம் என்று மதிப்பிட்டால் ஒன்றரை மடங்கு, அதாவது 23. அதிகம் என்றால் 30. வனத்தை ஒட்டிய கிராமங்களைத் தனிக் குழுவாகப் பிரித்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் அதிக மாதிரி எடுப்பார்கள். எல்லாரையும் ஒன்றாகப் போட்டால் அந்த ஆபத்து மதிப்பீடு மொத்தத்துக்கும் ஏறும்.

சான்றுக் குழுவில் உள்ள விவசாயியின் குறியீட்டு எண்ணில் சான்றில்லாத பங்காளியின் கரும்பு வருவதுதான் மிகச் சாதாரணமான முறைகேடு. வெட்டு உத்தரவு கிடைத்தவர் அதைப் பங்காளிக்குக் கொடுத்துவிடுகிறார். தணிக்கையாளர் கண்டுபிடிப்பது எளிது: ஏக்கருக்கு 40 டன் வரும் பகுதியில் ஒரு எண்ணில் 62 டன் வந்திருந்தால் கேள்வி வரும். எதிர்ப்பக்கமும் உண்டு. 40 டன் எதிர்பார்த்த வயலில் 25 டன்தான் வந்தது, மீதி நெய்க்காரப்பட்டி வெல்லச் சந்தைக்குப் போய்விட்டது. அதில் தவறே இல்லை, ஆனால் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பரப்பு, மதிப்பிட்ட டன், வந்த டன், வேறு இடம் போன டன் என்று நான்கு கட்டம் வைத்து, மதிப்பீட்டைவிட 15 சதவீதம் கூடினால் எடைமேடைக் கணினியே நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள்.

சான்றுக் காலம் தொடங்கும் தேதிக்கு முன் எடைபோட்ட கரும்பு சான்றுக் கரும்பு ஆகாது. அரவை தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே பதிவும் தணிக்கை நிறுவன ஒப்பந்தமும் முடிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

உள்ளே வந்த கரும்பு மற்றக் கரும்போடு கலந்து அரைபடும். அது அனுமதிக்கப்பட்டதே. மாஸ் பேலன்ஸ் எனப்படும் இருப்புக் கணக்கில், சான்றோடு வந்த அளவுக்கு மேல் சான்றோடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆலைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை முடிக்க வேண்டும், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரு வளாகத்துக்கு ஒரு கணக்கு. இன்னோர் ஊர்க் கிடங்கின் இருப்பை இங்கே காட்ட முடியாது.

எண்ணாகப் பார்ப்போம். 50,000 டன் அரவையில் 20,000 டன் சான்றுக் கரும்பு. சி-ஹெவி கழிவுப்பாகு 4.5 சதவீதம் வந்தால் 900 டன். டன்னுக்கு 225 லிட்டர் வீதம் 202.5 கிலோலிட்டர் எத்தனாலை மட்டுமே சான்றோடு விற்கலாம். பி-ஹெவியில் 6 சதவீதம் என்றால் 1,200 டன். டன்னுக்கு 300 லிட்டர் வீதம் 360 கிலோலிட்டர். மொத்தமும் சாறாகப் போனால் டன் கரும்புக்கு 70 லிட்டர், ஆக 1,400 கிலோலிட்டர். கழிவுப்பாகு வழியில் போகும்போது சர்க்கரைக்கும் சான்று இருக்கிறது; அந்தச் சர்க்கரைப் பங்கை எத்தனால் பக்கம் மாற்றிக் காட்ட முடியாது. விற்பனைப் பிரிவு ஒரு பக்கம் போன்சுக்ரோ சர்க்கரையும், எத்தனால் தயாரிக்கும் வடிப்பாலை மறுபக்கம் சாற்றுக் கணக்கு எத்தனாலும் விற்று, ஒரே கரும்பை இரண்டு முறை எண்ணிய கதைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

உமிழ்வுக் கணக்கு

ஐரோப்பிய விதியில் ஒப்பீட்டு எண், அதாவது புதைபடிவ எரிபொருளின் உமிழ்வு, ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 94 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம். வடிப்பாலை 2015 அக்டோபர் 5 வரை இயங்கத் தொடங்கியது என்றால் 50 சதவீதம் குறைத்துக் காட்டினால் போதும். அதன்பின் 2020 டிசம்பர் 31 வரை என்றால் 60. 2021 ஜனவரி 1 முதல் என்றால் 65. அதாவது உச்சவரம்பு முறையே 47, 37.6, 32.9 கிராம். வடிப்பாலையின் முதல் இயக்கத் தேதிக்கு ஆதாரமாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணையை எடுத்து வையுங்கள். விரிவாக்கம் செய்த ஆலைகளில் இந்தத் தேதிதான் வாக்குவாதம் ஆகும்.

கரும்பு எத்தனாலுக்குச் சட்டத்தின் அட்டவணையே ஓர் எண் தருகிறது: 28.6 கிராம். இதில் சாகுபடி 17.1, ஆலைச் செயல்பாடு 1.8, போக்குவரத்து 9.7. நிலமாற்றம் இல்லை என்று காட்டினால் இதையே எடுத்துக்கொள்ளலாம். புதிய ஆலைக்கும் தேறும். கழிவுப்பாகு எத்தனாலுக்கு அட்டவணையில் தனி வரி இல்லை. அங்கே உண்மைக் கணக்குப் போட்டாக வேண்டும், சாகுபடி உமிழ்வைச் சர்க்கரைக்கும் பாகுக்கும் அவற்றின் ஆற்றல் அளவுப்படி பிரிக்க வேண்டும்.

உண்மைக் கணக்கில் நம் பகுதி எங்கே அடிபடும் என்பதற்குச் சாற்று வழியில் ஒரு மாதிரி. ஏக்கருக்கு 40 டன், தழைச்சத்து 110 கிலோ. இட்ட தழைச்சத்தில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்ற அடிப்படையில், அது கரியமில வாயுவைப்போல் 265 மடங்கு புவியைச் சூடாக்கும் என்று வைத்தால், ஏக்கருக்கு 458 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். டன் கரும்புக்கு 11.5 கிலோ. ஒரு டன்னிலிருந்து 70 லிட்டர், லிட்டருக்கு 21 மெகாஜூல், ஆக 1,470 மெகாஜூல். வகுத்தால் 7.8 கிராம். யூரியா தயாரிப்பின் உமிழ்வு இதற்கு மேல்.

அடுத்தது மோட்டார். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 5 யூனிட் இழுக்கும். இரண்டரை ஏக்கருக்கு ஆண்டில் 600 மணி ஓடினால் 3,000 யூனிட். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.73 கிலோ வீதம் 2,190 கிலோ. 100 டன் கரும்புக்குப் பங்கிட்டால் மெகாஜூலுக்கு 14.9 கிராம். உரத்தையும் இதையும் கூட்டினாலே 22.7, அட்டவணையின் 17.1-ஐத் தாண்டியாயிற்று. விவசாய மின்சாரம் இலவசம், மீட்டர் இல்லை என்பதால் பலர் இதைப் பூஜ்யம் என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டர் இல்லாவிட்டால் மோட்டார் பலகையின் குதிரைத்திறனும், மின்சாரம் வரும் நேர அட்டவணையும், பாசன நாள் குறிப்பும் சேர்த்துக் கணக்கிடுங்கள்; அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மணிமானியை ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்துங்கள்.

வாய்க்கால் பாசன வயலுக்கு இந்த 14.9 கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ஆகவே பொருந்தலாறு, வரதமாநதி ஆயக்கட்டு வயல்களையும் ஆழ்துளைக் கிணற்று வயல்களையும் ஒரே சராசரியில் போடாமல் தனித்தனியாகக் கணக்கிட்டால், கழிவுப்பாகு வழியில் முதல் பிரிவாவது தேற வாய்ப்பு அதிகம். கிணற்று வயல்களுக்குச் சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு 100, மற்றவர்க்கு 75 சதவீத மானியம் இருக்கிறது. ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 5 கிராம் மிச்சம். சூரிய மோட்டார் என்றால் இன்னும் அதிகம்.

ஆலைக்குள் இரண்டே இடம்தான் பெரியது. கொதிகலனில் சக்கை எரிந்தால் உமிழ்வு சொற்பம். சக்கை தீர்ந்த மாதங்களில் நிலக்கரி போட்டால் அந்த மாத எத்தனால் தனியாகக் கெடும். வடிப்பாலையின் கழிவுநீர் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 10 முதல் 12 லிட்டர் வரும். அதைத் திறந்த குட்டையில் விட்டால் மீத்தேன் முழுவதும் உங்கள் கணக்கு. மூடிய கலனில் எரிவாயு எடுத்தோ, சுண்டக் காய்ச்சிக் கொதிகலனில் எரித்தோ காட்ட வேண்டும்.

கோர்சியாவுக்கு அளவுகோல் வேறு: ஒப்பீட்டு எண் 89, குறைந்தது 10 சதவீதம் குறைவு. ஐரோப்பியக் கணக்கின் தாளை அப்படியே கொடுத்தால் ஏற்கமாட்டார்கள்.

கப்பலேறும்போது

அனுப்பும் ஒவ்வொரு லாட்டுக்கும் நிலைத்தன்மை ஆதாரத் தாள் ஒன்று போக வேண்டும். அதில் சான்றிதழ் எண், மூலப்பொருள், விளைந்த நாடு, அளவு, உமிழ்வு எண் பிரிவுவாரியாக, வடிப்பாலை தொடங்கிய தேதி ஆகியவை இருக்கும். மூலப்பொருள் என்ற இடத்தில் கரும்பு என்பதற்கும் சக்கை என்பதற்கும் சந்தையே மாறும். தவறாக எழுதினால் மோசடிக் கணக்கில் சேரும். ஐரோப்பாவுக்கு என்றால் அதே பரிவர்த்தனையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுத்தளத்திலும் ஏற்ற வேண்டும். இரண்டிலும் லிட்டர் ஒத்திருக்க வேண்டும். வெப்பத்தில் எத்தனால் விரிவதால் ஆலை வெயிலில் அளந்த லிட்டரும் துறைமுகக் கிடங்கில் அளந்த லிட்டரும் ஒத்துப்போகாது. இரண்டு பக்கமும் ஒரே நியமித்த வெப்பநிலைக்குத் திருத்திய அளவையே எழுத ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

தரத்தில் ஐரோப்பாவின் இ.என். 15376 நீரை எடையில் 0.3 சதவீதத்துக்குள் கேட்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர்நீக்கிய சரக்கை முன்பு வேறு திரவம் ஏற்றிய டேங்கரில் சரியாக உலர்த்தாமல் நிரப்பினால் துறைமுகத்தில் திரும்பும். கழுவிய சான்றும் முந்தைய சரக்கு விவரமும் இல்லாமல் வண்டியை உள்ளே விடாதீர்கள். சுங்கத் தலைப்பு 2207. இயல்பு நீக்காத எத்தனாலுக்கு ஐரோப்பிய வரி 100 லிட்டருக்கு 19.2 யூரோ, இயல்பு நீக்கியதற்கு, அதாவது குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்ததற்கு, 10.2. எது வேண்டும் என்பதை வாங்குபவர்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் நாட்டின் கலப்பு விதி அதைத் தீர்மானிக்கும். மாநில மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் ஏற்றுமதி அனுமதி, டி.ஜி.எஃப்.டி. உரிமம், ஆபத்தான சரக்கு அறிவிப்பில் யு.என். 1170 எண் ஆகியவை தயாராகும் வரை டேங்கரை நிரப்ப வேண்டாம். வண்டி காத்திருக்கும் வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

தணிக்கையில் சிறு குறைகள் வந்தால் 40 நாளுக்குள் திருத்திக் காட்டலாம். பெரும்பாலும் கேட்பது பயிற்சி நடந்த வருகைப் பதிவு, பூர்த்தியாகாத உறுதிமொழி, இரண்டு சீட்டில் வேறுபடும் டன் ஆகியவையே. எல்லாக் காகிதத்தையும் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எடைமேடைச் சீட்டு அச்சாகும் வெப்பத்தாள் ஓராண்டிலேயே வெளுத்துவிடும். அன்றன்றைக்கே நகலெடுத்தோ படம் பிடித்தோ விவசாயி எண்வாரியாகச் சேமிக்க ஒரு ஆளை நியமியுங்கள், அரவை நாட்களில் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.